எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல 'வாஸ்குலர் லூப்'னு இருக்கா? டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

எங்க அம்மாவுக்கு வலது காதுல இரைச்சல்னு ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் கவரை சென்டர் வாசல்லயே பிரிச்சுப் பாத்தா கடைசில "வலது ஏஐசிஏ வாஸ்குலர் லூப், சாவ்டா டைப் 2"ன்னு ஒரு வரி. டாக்டரைப் பாக்க இன்னும் நாலு நாள் இருந்துச்சு, அந்த நாலு நாளும் தலைக்குள்ள ரத்தக்குழாய் சுருட்டிக்கிச்சு, ஆபரேஷன்தான்னு அம்மா சரியா சாப்பிடவே இல்ல. நீங்களும் இப்ப அப்படி உக்காந்திருந்தா பொறுமையா இதைப் படிங்க.

முதல்ல அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு பாத்துடலாம். காது கேக்கறதுக்கும் பேலன்ஸுக்கும் சேர்த்து இருக்கறது எட்டாவது நரம்பு, அது மூளைத்தண்டுல இருந்து கிளம்பி சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாய் வழியா உள்காதுக்குப் போகுது. ஏஐசிஏங்கறது சிறுமூளைக்கு ரத்தம் கொண்டு போற தமனி, உள்காதுக்கு ரத்தம் குடுக்கற சின்னக் கிளை பெரும்பாலும் இதுல இருந்துதான் பிரியும், அதனால அது அந்தப் பக்கம் வளைஞ்சு வந்து போறது இயற்கையான விஷயம், அந்த வளைவைத்தான் வாஸ்குலர் லூப்னு சொல்றாங்க. அது எதுவரைக்கும் போகுதுன்னு வகை பிரிக்கற முறைதான் சாவ்டா. வளைவு அந்த எலும்புக் குழாய்க்கு வெளியவே நின்னா டைப் 1, உள்ள நுழைஞ்சு பாதி வரைக்கும் போனா டைப் 2, பாதியைத் தாண்டுனா டைப் 3. இது கேன்சருக்கு சொல்ற ஸ்டேஜ் மாதிரி இல்லைங்க, வளைவு எங்க இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களுக்கும் இந்த லூப் நிறைய பேருக்கு இருக்கும்.

அதனால ரிப்போர்ட்ட எடுத்து நல்லா இருக்கற காதைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு தேடுங்க. அம்மா ரிப்போர்ட்ல ரெண்டு வரி மேல, சத்தமே இல்லாத இடது காதுலயும் லூப் இருக்குன்னு போட்டிருந்துச்சு, பயத்துல நாங்க அதைப் படிக்கவே இல்ல.

அடுத்தது டைரி. என்னைக் கேட்டா ஸ்கேனை விட இதுதான் முக்கியம், ஏன்னா லூப்தான் உண்மையிலயே தொந்தரவுக்குக் காரணமாங்கறதை படம் மட்டும் வச்சு சொல்ல முடியாது, வர்ற அட்டாக்கோட தன்மைதான் சொல்லும். தலைசுத்தல் வந்தா போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு எத்தனை செகண்ட்னு குறிங்க, அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க, காதுல சத்தம் மாறுச்சா, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருதா எல்லாம் எழுதுங்க. நரம்பை ரத்தக்குழாய் அழுத்தறதால வர்ற தலைசுத்தலுக்கு வெஸ்டிபுலர் பராக்ஸிஸ்மியான்னு பேர். 2016ல வந்த சர்வதேச வரையறைப்படி குறைஞ்சது பத்து அட்டாக் வந்திருக்கணும், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷத்துக்குள்ள முடியணும், தானா வரணும், அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும், கார்பமாசெபின் வகை (வலிப்புக்குக் குடுக்கற) மருந்துக்குக் குறையணும். படுக்கைல புரண்டாலோ அண்ணாந்து பாத்தாலோ மட்டும் சில செகண்ட் சுத்துச்சுன்னா அது பெரும்பாலும் உள்காதுக்குள்ள துகள் நகர்றதால வர்றது, எப்லி மாதிரி தலையைத் திருப்பற பயிற்சிலயே சரியாகிடும். மணிக்கணக்குல சுத்துனா மெனியர்ங்கற உள்காது நோய், மைக்ரேன்னு வேற பக்கம் பாக்கணும்.

சத்தத்தையும் இதே மாதிரி கவனிங்க. விட்டு விட்டு டைப்ரைட்டர் தட்டற மாதிரி, சோளம் பொரியற மாதிரி டக் டக்னு ஒரு காதுல மட்டும் வந்தா மறக்காம சொல்லுங்க, அது லூப் பக்கம் கை காட்டற அடையாளம். நாடித்துடிப்போட சேர்ந்து அடிச்சா அதுக்குத் தனி பரிசோதனை இருக்கு. எப்பவும் ஒரே மாதிரி 'ஙொய்'னு கேட்டா ஆடியோகிராம் (காது எவ்வளவு கேக்குதுன்னு அளக்கற டெஸ்ட்) எடுக்காம எந்த முடிவுக்கும் வராதீங்க. அம்மாவுக்கு அதுலதான் ரெண்டு காதுலயும் வயசால கேக்கற திறன் குறைஞ்சிருக்கு, வலதுல கொஞ்சம் கூடன்னு தெரிஞ்சுது, ஹியரிங் எய்ட் போட்ட பிறகு இரைச்சல் பாதி அடங்கிடுச்சு.

திடீர்னு ஒரு காது அடைச்சுக்கிட்டு கேக்காமப் போச்சுன்னா மட்டும் டைரி, அப்பாயின்ட்மென்ட் எதுக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஈஎன்டி கிட்ட ஓடுங்க, ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன். தலைசுத்தலோட வாய் கோணறது, பேச்சு குழர்றது, ரெண்டு ரெண்டா தெரியறது இருந்தா நேரா எமர்ஜென்சிதான்.

டாக்டர் கார்பமாசெபின் எழுதுனா எச்எல்ஏ-பி 1502 ரத்த டெஸ்ட் வேணுமான்னு வாய் விட்டுக் கேளுங்க. அந்த ஜீன் வகை இருக்கறவங்களுக்கு தோல் உரியற அளவுக்கு மோசமான அலர்ஜி வரலாம், ஆசிய வம்சாவளிக்காரங்களுக்கு மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாக்கச் சொல்லி அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007லயே அறிவிச்சிருக்கு. மாத்திரை போட ஆரம்பிச்ச பிறகு தோல்ல தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தா உடனே போன் பண்ணுங்க. தூக்கக் கலக்கம் இருக்கும், வண்டி ஓட்டாதீங்க.

ஆபரேஷன்னா காதுக்குப் பின்னாடி மண்டை ஓட்டைத் திறந்து ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவுல டெஃப்லான் பஞ்சு வைக்கறது. அதுல அந்தக் காது கேக்காமப் போற ரிஸ்க்கும் இருக்கு, அதனால மருந்து கேட்டும் அதைத் தாங்க முடியாதவங்களுக்கு, அட்டாக் வாழ்க்கையையே முடக்கறவங்களுக்குன்னு கடைசியாத்தான் யோசிப்பாங்க. லூப் தெரியுதுங்கற ஒரே காரணத்துக்காக யாராவது ஆபரேஷன் சொன்னா எம்ஆர்ஐ படம் இருக்கற டிஸ்க், ஆடியோகிராம், டைரி மூணையும் தூக்கிட்டு இன்னொரு நியூரோ டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க.