ஐ (I) எழுத்து எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

நான் சேர்ப்பது 1807 முதல் 1836 வரை பிலடெல்பியாவில் அடித்த, ஓரத்தில் எழுத்துப் பொறித்த அரை டாலர். அச்சு வகை, அதாவது எந்த அச்சுகளில் அடித்த காசு என்று, தேட ஆரம்பிக்கிறவருக்கு இதைவிடத் தோதான வெள்ளிக்காசு இல்லை. அந்தக் காலத்தில் ஆண்டு எண், நட்சத்திரம், எழுத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் அச்சில் குத்தினார்கள். அதனால் ஒரு அச்சு மாதிரி இன்னொன்று இருக்காது. எந்தத் தலை அச்சு எந்தக் கழுகு அச்சோடு ஜோடி சேர்ந்தது என்பதைச் சொல்வதுதான் ஓவர்டன் எண்.

முதலில் ஒரே ஒரு ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஆசைப்பட்டு 1827இல் கை வைத்தேன். நாற்பதுக்கும் மேல் ஜோடிகள்! மூச்சு முட்டிவிட்டது. நீங்கள் ஜோடிகள் குறைவான ஆண்டாகப் பாருங்கள்.

காசு கைக்கு வந்ததும் கழுகுப் பக்கத்தைத் திருப்புங்கள். கழுகுக்கு மேலே நாடாவில் 'இ ப்ளூரிபஸ் யூனம்' என்று இருக்கும். ப்ளூரிபஸில் வரும் ஐ (I), அதற்கு மேலே யுனைடெட்டில் இருக்கும் டி (T) எழுத்தின் எந்தப் பகுதிக்குக் கீழே நிற்கிறது? இடப்பக்கமா, நடுவிலா, வலப்பக்கமா? இந்த ஒரு கேள்வியிலேயே பல ஜோடிகள் கழிந்துபோகும். அப்புறம் '50 சி' எழுத்துகளின் இடைவெளி. அதற்கப்புறம்தான் தலைப் பக்கம்: ஆண்டு எண், நட்சத்திர முனைகள்.

விரிசலைக் கடைசியில் வையுங்கள். அச்சில் விரிசல் விழுந்தால் காசில் அது மேடாக எழும். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். ஒருமுறை கீறலை விரிசல் என்று நம்பி ஒரு காசுக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். விளக்கைத் தாழ்வாக வைத்து, காசை மெதுவாகச் சுழற்றியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். தவிர, விரிசல் இல்லை என்பதற்காக எந்த ஜோடியையும் ஒதுக்காதீர்கள். அச்சு பழுதாகும் முன் அடித்த காசாக இருக்கலாம்.

பெயர் பெற்றதெல்லாம் அரிது என்று நினைக்க வேண்டாம். 1807இல் 20 என்று தப்பாகக் குத்தி, அதன்மேல் 50 குத்திய காசு தாராளமாகவே கிடைக்கிறது. 4இன் மேல் 7 குத்திய 1817 கதை வேறு. தெரிந்தவரை ஒரு டஜன் காசுதான். இந்த இரண்டையும் எல்லோரும் தேடுவார்கள். நமக்கு வாய்ப்பு இருப்பது பார்க்கச் சாதாரணமாக இருக்கும் ஆர்-5 வகைகளில். ஆர்-5 என்றால் 31 முதல் 75 காசுகள் வரை அறியப்பட்டவை. தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனம் காசை மூடித் தரும் பெட்டியின் சீட்டில் பெரும்பாலும் ஆண்டும் தரமும் மட்டுமே இருக்கும், ஓவர்டன் எண் இருக்காது. அதனால் விற்பவருக்கே தெரியாமல் சாதாரண விலைக்கு வந்துவிடும்.