மின்வால்வு திறக்கவில்லையா, மூடவில்லையா? கொயிலை மாற்றுவதற்கு முன்

சொட்டுநீர்த் தோட்டத்தில் ஒரு பாத்திக்குத் தண்ணீர் போகவில்லையென்றால் முதல் பழி வால்வின் உச்சியில் இருக்கும் கொயிலுக்குத்தான் (மின்சாரம் போனால் காந்தமாகும் கம்பிச் சுருள்). உடனே புதுக் கொயில் வாங்கிப் பூட்டுவார்கள். சில நாள் ஓடும், பிறகு அதுவும் கருகும். கொயில் தானாகக் கருகுவது குறைவு. மணலோ, சுண்ணாம்போ, பிழையான மின்சாரமோ அதைக் கருக வைக்கிறது. அந்தக் காரணம் உள்ளே இருக்கும்வரை எத்தனை கொயில் மாற்றினாலும் கடைக்காரருக்குத்தான் லாபம்.

வன்னியில் ரைமரோடு பூட்டப்படும் மின்வால்வுகள் இரண்டு வகை. ஒன்று, 24 வோல்ற் ஏசியில் ஓடும் சொலனொயிட் வால்வு. மற்றது, சின்ன மோட்டர் ஒன்று பந்தைக் கால் சுற்றுத் திருப்பும் பந்து வால்வு, கடையில் ‘போல் வால்வு’ (ball valve) என்பார்கள். இரண்டும் வெளியே ஒரே வேலையைச் செய்தாலும் பழுதாகும் விதம் வேறு.

சொலனொயிட் வால்வின் உள்ளே டயபிரம் என்ற ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் ஊசித் துவாரம் ஒன்று. வரும் தண்ணீரில் கொஞ்சம் அந்தத் துவாரம் வழியாக டயபிரத்துக்கு மேலுள்ள அறைக்குள் ஏறி நிரம்புகிறது. மேற்பக்கத்தின் பரப்பு கூட என்பதால் அந்த அமுக்கமே டயபிரத்தைக் கீழே அழுத்தி வழியை மூடி வைக்கிறது. கொயிலுக்கு மின்சாரம் போனதும் உள்ளிருக்கும் பிளஞ்சர் என்ற சின்ன இரும்புத் தண்டு சில மில்லிமீற்றர் உயரும். மேலறைத் தண்ணீர் ஒரு சிறு வழியால் வெளிப்பக்கம் வடிய, டயபிரம் எழும்பி வால்வு திறக்கிறது. ஆகவே வால்வைத் திறப்பதும் மூடுவதும் தண்ணீர்தான். கொயில் வடிகால் வழியை மட்டும் திறந்துவிடுகிறது.

இது விளங்காவிட்டால் பழுதைத் தலைகீழாகத் தேட நேரிடும். டயபிரத்தின் ஊசித் துவாரம் அடைத்தால் மேலறை நிரம்பாது, வால்வு மூடவே மாட்டாது. வடிகால் வழி அடைத்தால் மேலறை வடியாது, வால்வு திறக்காது. பிளஞ்சரின் நுனிக்குக் கீழே ஒரு மணல் மணி இருந்தாலும், டயபிரம் கிழிந்தாலும் மூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் கொயிலைத் தொடவே தேவையில்லை. மின்சாரம் இல்லாதபோது மூடியிருப்பதுதான் இந்த வால்வின் இயல்பு.

முதற்சோதனைக்கு மின்சாரம் அளக்கும் மீற்றர் வேண்டாம். வால்வின் மேலே கையால் திருகும் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். சில வால்வுகளில் கொயிலையே கால் சுற்று இளக்கலாம். பம்பு ஓடும்போது அதை மெல்ல இளக்குங்கள். தண்ணீர் பாய்ந்தால் டயபிரமும் அமுக்கமும் சரி, பழுது மின்சாரப் பக்கம். கையால் இளக்கியும் பாயாவிட்டால் பழுது தண்ணீர்ப் பக்கம். இந்த அரை நிமிட வேலையைச் செய்யாமல் வயரைத் தோண்டத் தொடங்குவதுதான் மிகப் பெரிய வீண் வேலை. பார்த்து முடிந்ததும் குமிழை இறுக்க மறந்தால் அந்தப் பாத்தி இரவு முழுக்க ஊறும்.

அமுக்கம் போதாத இடத்தில் இந்த வகையைப் பூட்டுவது அடுத்த தவறு. பல சொலனொயிட் வால்வுகளுக்குக் குறைந்தது 0.7 பார் (bar, அமுக்கத்தின் அலகு) அளவு வேண்டும். 4 மீற்றர் உயர மேடையில் வைத்த தாங்கி தருவது 0.4 பார்தான்; 10 மீற்றர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் வரும். தாங்கித் தண்ணீரை நேரே விட்டுவிட்டு வால்வு அரைகுறையாகத் திறக்கிறது, இறுக மூடுதில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை. அங்கே மோட்டர் போல் வால்வு போடுங்கள். வால்வில் தண்ணீர் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியை மாற்றிப் பூட்டினாலும் இதே கதை: தண்ணீர் பின்பக்கத்தால் வந்து டயபிரத்தைத் தள்ளித் திறந்துகொண்டே இருக்கும்.

மின்சாரப் பக்கம் என்று உறுதியான பிறகு மீற்றரை எடுங்கள். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு ஓம் அளவில் பாருங்கள். 24 வோல்ற் ஏசி கொயில்கள் பெரும்பாலும் 20 முதல் 60 ஓம் காட்டும். மீற்றர் அசையாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சில ஓம் மட்டும் காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சந்தேகமாக இருந்தால் பக்கத்து வால்வில் உள்ள அதே வகைக் கொயிலோடு ஒப்பிடுங்கள்.

வோல்ற் பார்க்கும்போது பலரும் ஏமாறுவது இங்கேதான். வயரைக் கொயிலிலிருந்து கழற்றி நுனியில் அளந்து, 26 வோல்ற் இருக்கிறது, லைன் சரி என்பார்கள். மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். களிம்பு பிடித்துப் பச்சையாகிப்போன இணைப்பு வழியாகவும் 26 காட்டும். கொயிலைப் பூட்டி, ரைமரில் அந்த வால்வை ஓடவிட்டு, கொயிலின் இரு முனையிலும் அளக்க வேண்டும். 20க்குக் கீழே இறங்கினால் இணைப்பு பழுது, அல்லது வயர் மெல்லிசு.

0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 200 மீற்றர் போய்த் திரும்பினால் 9 முதல் 10 ஓம் தடை. கொயில் இழுக்கும் தருணத்தில் 0.4 அம்பியர் போனால் ஏறக்குறைய 4 வோல்ற் வழியிலேயே தொலையும். இரண்டு வால்வு ஒன்றாகத் திறந்தால் பொதுக் கம்பியில் இன்னும் கூடத் தொலையும். தூரம் கூடினால் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள், தடை பாதியாகும். மண்ணுக்குள் இன்சுலேசன் ரேப் மட்டும் சுற்றிய இணைப்பு ஒரு மாரிகூடத் தாங்காது. கிறீஸ் நிரப்பிய இணைப்பியைப் பாவித்து, அதையும் வால்வுப் பெட்டிக்குள் நிலத்துக்கு மேலே உயர்த்திக் கட்டிவிடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் துவாரங்களையும் அடையுங்கள்; உள்ளே பல்லி முட்டையும் எறும்புக் கூடும் இருந்தால் எந்த ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒழுங்காக ஒட்டாது.

இனிக் கொயில் கருகும் கதை. ஏசி கொயிலில் பிளஞ்சர் முழுதாக உயர்ந்து ஒட்டியதும் மின்னோட்டம் தானாகக் குறையும். மணலோ சுண்ணாம்போ சிக்கிப் பிளஞ்சர் பாதியில் நின்றால் குறையாது. கொயில் கை வைக்க முடியாதபடி சுடும், ‘ம்ம்ம்’ என்று இரையும். அந்த இரைச்சல் கேட்டவுடன் நிறுத்தினால் கொயில் தப்பும். மின்சாரம் இருக்கும்போது கொயிலை வால்விலிருந்து கழற்றிக் கையில் வைத்துப் பார்ப்பதும் அதே காரணத்தால் அதைச் சுட்டுவிடும்.

ஏசி கொயிலுக்கு 24 வோல்ற் டிசி கொடுப்பதும் இப்படித்தான். சோலார் பற்றரி இருக்கிறதே என்று நேரே கொடுத்துவிடுவார்கள். 30 ஓம் கொயிலுக்கு 24 வோல்ற் டிசி போனால் 0.8 அம்பியர், அதாவது 19 வாற்று வெப்பம், விடாமல். பற்றரி ரைமருக்கென்றே 9 வோல்ற் துடிப்பில் ஓடும் கொயில் தனியாக இருக்கிறது. அதற்கு ஒரு கணத் துடிப்பு திறக்க, எதிர்த்திசைத் துடிப்பு மூட. சிவப்பும் கறுப்பும் மாறினால் வேலை தலைகீழாகும். 24 வோல்ற் ஏசி கொடுத்தால் அது முடிந்தது.

மோட்டர் போல் வால்வின் பிரச்சினை வேறு. வன்னிக் கிணறு, குழாய்க்கிணறு பலவற்றில் தண்ணீர் வன்மையானது. மாரியில் இரண்டு மூன்று மாதம் ஓடாமல் கிடந்தால் பந்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பிடித்து இறுகும். பிறகு ஆழியை (சுவிட்சை) போட்டால் மோட்டர் முக்கும், உள்ளே பிளாஸ்ரிக் பல்சக்கரம் உடையும். மோட்டர் பகுதியைக் கழற்றிவிட்டுத் தண்டை ஸ்பனரால் திருப்பிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் பழுது மோட்டரில் அல்லது வயரில். இறுக்கமென்றால் மோட்டரை மாற்றுவது வீண், வால்வைத்தான் மாற்ற வேண்டும். பாவிக்காத காலத்திலும் மாதம் ஒருமுறை திறந்து மூடிவிடுங்கள்.

வாங்கும்போது எத்தனை கம்பி என்று பாருங்கள். மூன்று கம்பி வகையில் ஒன்று பொது, ஒன்று திறக்க, ஒன்று மூட. எல்லையை அடைந்ததும் உள்ளிருக்கும் சிறு சுவிட்ச் மோட்டரை நிறுத்தும். 230 வோல்ற் மூன்று கம்பி வால்வுகள் இரண்டை ஒரே ஆழியில் சமாந்தரமாகப் பூட்டக் கூடாது. ஒன்றின் மோட்டர் வழியாக மற்றதற்குப் பின்மின்சாரம் போய், இரண்டும் நிற்கும் இடம் தெரியாமல் ஆடும். ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே வேண்டும்.

லண்டனிலிருந்து வரும் பெட்டிகளில் சிலவேளை வீட்டு ஹீற்றிங் வால்வும் வந்துவிடுகிறது. 230 வோல்ற், மோட்டர், செப்புக் குழாய் இணைப்பு, பார்க்க நல்ல சாமான். ஆனால் அது சூடான தண்ணீர் சுற்றும் குழாயின் சிறு அமுக்க வித்தியாசத்துக்குச் செய்தது. பல மாதிரிகளில் மோட்டர் திறக்கும், ஸ்பிரிங் மூடும். பம்பின் 2, 3 பார் அமுக்கத்துக்கு முன்னால் அந்த ஸ்பிரிங் நிற்காது. தோட்டத்துக்கு அது வேண்டாம்.

எந்த வால்வானாலும் அதற்கு முன்னால் 120 மெஷ் (வலைக்கண் அளவு) பில்டர் இல்லாமல் பூட்டாதீர்கள். குளத்துத் தண்ணீர் எடுப்பவர்கள் இதை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டிவரும். உரம் கலந்து விட்டால், முடிந்ததும் 10 நிமிடம் வெறும் தண்ணீர் ஓடட்டும். எல்லா வால்வும் மூடியிருக்கப் பம்பு மட்டும் ஓடும்படி ரைமரை வைத்தால் பிவிசி இணைப்புக் கழன்றுவிடும், அல்லது பம்பு சூடேறும். வால்வு முதலில் திறந்து, சில விநாடி கழித்துப் பம்பு தொடங்கட்டும். நிறுத்தும்போது பம்பு முதல்.

சுத்தம் செய்ய வால்வைத் திறந்தால் டயபிரம், பிளஞ்சர் இரண்டையும் அரை மணி நேரம் வினாகிரியில் ஊறவையுங்கள். வெள்ளைப் படிவு நுரைத்துக் கரையும். ஊசித் துவாரத்தை ஊசியால் குத்தாதீர்கள். துவாரம் பெரிதானால் வடியும் வேகத்திலேயே மேலறை நிரம்பும், பிறகு வால்வு திறக்காது. மெல்லிய தூண்டில் நைலோன் போதும். ஸ்பிரிங்கை மறக்காமல் வைத்து, மூடியின் ஆணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வழுக்கலுக்கு சிலிக்கன் கிறீஸ் மட்டும். வாகனக் கிறீஸ் பட்டால் ரப்பர் ஊதிப் பிளஞ்சர் மறுபடி சிக்கும்.