சாமுண்டி மலைக்குப் படியேறிப் போவது எப்படி?

மைசூர் சாமுண்டி மலைக்கு பஸ்ஸில் போக விளக்கம் தேவையில்லை. சிட்டி பஸ் ஸ்டாண்டில் 201-இல் ஏறினால் உச்சியில் இறக்கிவிடுவார்கள். இந்தக் குறிப்பு 1008 படியும் ஏறிப் போய் அம்மனைப் பார்க்க நினைப்பவர்களுக்கு. அந்தப் படிகள் 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்தவை. உடம்பு இடம் கொடுத்தால் ஒருமுறையாவது இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இறங்கும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வெறுங்காலுடன் ஏற வேண்டும் என்று செருப்பை அடிவாரத்தில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தரிசனம் முடிந்ததும் முழங்கால் கெஞ்சும், பஸ்ஸில் இறங்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த பஸ் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போகிறது. படி தொடங்கும் இடம் அதன் பாதையில் இல்லை. செருப்புக்காக 1008 படியும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாக ஆட்டோ பிடிக்க வேண்டும். பைக்கை அடிவாரத்தில் நிறுத்தினாலும் இதே கதைதான்.

அதனால் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு, முதுகுப்பைக்குள் வைத்து மேலே கொண்டுபோய்விடுங்கள். ஷூ வேண்டாம், இடத்தை அடைக்கும். சாதாரண ரப்பர் செருப்பு போதும். ஏறுவது படியில், இறங்குவது பஸ்ஸில் என்று வைத்துக்கொள்வதே நல்லது. முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கேடு.

அடிவாரம் போவது

ஆட்டோக்காரரிடம் "சாமுண்டி பெட்டா" என்று மட்டும் சொன்னால் நேராக உச்சிக்கே கூட்டிப்போய்விடுவார். "பெட்டத பாதா, மெட்டிலு" என்று சொல்லுங்கள். பெட்டத பாதா என்றால் மலையடிவாரம், மெட்டிலு என்றால் படி. காலை 6 மணிக்கு அங்கே இருந்தால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து வருபவர்கள் அன்றே ஏறாமல், மறுநாள் விடியலில் கிளம்புங்கள்.

ஏற்றம்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம், பெரியவர்களோடு என்றால் ஒன்றரை. தொடக்கத்துப் படிகள்தான் நல்ல செங்குத்து. அங்கே வேகம் காட்டினால் பாதியில் மூச்சு வாங்கும். படிகளின் உயரமும் ஒரே அளவில் இருக்காது, அதனால் கண் காலடியிலேயே இருக்கட்டும்.

வேண்டுதல் உள்ள பெண்கள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவார்கள். கருங்கல்லில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் சிவப்புப் பொட்டு. அதை மிதிக்காமல் ஓரமாகப் போங்கள். மரியாதைக்காக மட்டுமில்லை, தூறல் விழுந்தால் அந்த இடம் வழுக்கும்.

700 படிகளுக்கு மேல் ஏறியதும் நந்தி வருகிறது. ஒரே பாறையில் செதுக்கியது, சுமார் 16 அடி உயரம். கழுத்தில் தொங்கும் மணிமாலையை மணி மணியாக நின்று பாருங்கள், அத்தனை நுணுக்கம். தார்ச் சாலையும் இந்தப் பக்கம் வருவதால், ஏற முடியாத பெரியவர்கள் காரில் வந்து இங்கே உங்களோடு சேர்ந்துகொள்ளலாம். பிறகு சாலையோடு நடக்காதீர்கள், சுற்று அதிகம். மேலே தொடரும் படியைப் பிடியுங்கள்.

தரிசனம்

நடை வழக்கமாக காலை 7.30 முதல் 2 வரை, பிற்பகல் 3.30 முதல் 6 வரை, இரவு 7.30 முதல் 9 வரை திறந்திருக்கும். மதியம் 1.30-க்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தால் வரிசையிலேயே நடை சாத்திவிடும். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கூட்டம் அதிகம். கோபுரம் 1827-இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கட்டியது. அவரே தம் மூன்று ராணியரோடு சிலையாகக் கோயிலுக்குள் நிற்கிறார்.

அம்மனைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல் பக்கத்திலுள்ள மகாபலேஸ்வரர் கோயிலுக்கும் போங்கள். அம்மன் கோயிலைவிடப் பழமையானது. மலைக்கே முன்பு மகாபலகிரி என்றுதான் பெயர். கூட்டமே இருக்காது.

பிரசாதத்தைக் கையில் கவரோடு தொங்கவிடாதீர்கள். குரங்குகளுக்குக் கவர் சத்தம் நன்றாகத் தெரியும். ஜிப் வைத்த பைக்குள் போட்டுவிடுங்கள்.

அடிக்கடி வரும் இரண்டு சந்தேகங்கள்

"ஆடி வெள்ளிக்குப் போகலாமா?" கன்னடர்களின் ஆஷாட மாதமும் நம் ஆடியும் ஒன்றல்ல. அவர்களுக்கு அமாவாசையில் மாதம் முடியும், ஆகவே பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ ஆரம்பிக்கிற ஆஷாடம் நம் ஆடி அமாவாசையோடு முடிந்துவிடும். ஆஷாட வெள்ளிகளில் மலையே நிரம்பி வழியும், சொந்த வண்டிகளை மேலே விட மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மனைப் பார்ப்பதுதான் விருப்பம் என்றால் கன்னடப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறியுங்கள். நிதானமாகக் கும்பிட வேண்டும் என்றால் ஆடி அமாவாசை கழிந்த ஒரு புதன் அல்லது வியாழன்.

"பெண்களுக்கு பஸ் இலவசமாமே?" 2023-இல் வந்த சக்தி திட்டம் கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.