தோவாளைப் பூ விலைக்கு நேற்றைய தேதி விழாமலிருக்க

தோவாளைச் சந்தையின் பூ விலையை விடியற்காலை 4.30-க்கு இணையப் பக்கத்தில் ஏற்றினால், சில சமயம் முந்தின நாள் தேதி வந்து நிற்கும். சர்வர் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுவதுதான் காரணம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. அங்கே அப்போது முந்தின இரவு 11.

சேமிப்பு யுடிசியிலேயே இருக்கட்டும், காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்றால், தேதியையும் நேரத்தையும் எழுத்தாக்கித் தரும் டேட்டைம்ஃபார்மட்டுக்கு மொழியாக 'டிஏ-ஐஎன்' (ta-IN, இந்தியத் தமிழ்), டைம்சோனாக 'ஆசியா/கொல்கத்தா' (Asia/Kolkata) கொடுத்தால் போதும். கையால் ஐந்தரை மணியைக் கூட்டாதீர்கள்; பின்னால் யாராவது டைம்சோனும் சேர்த்தால் இரட்டிப்பாகக் கூடிவிடும்.

'இன்று', 'நேற்று' போடுவதில்தான் பலர் சறுக்குவது. இரு நேரங்களைக் கழித்து, ஒரு நாளுக்கான 8,64,00,000 மில்லிசெகண்டால் வகுப்பார்கள். நேற்று இரவு 11-க்கும் இன்று காலை 6-க்கும் நடுவே 7 மணி நேரம்தானே? முழு எண்ணில் விடை 0; நேற்றையது 'இன்று' ஆகிவிடும். முதலில் இரண்டையும் இந்தியத் தேதியாக்கி, மணியை வெட்டிவிட்டு, நாட்களைக் கழியுங்கள். கிடைக்கும் மைனஸ் 1-ஐ, நாள் வித்தியாசத்தைச் சொல்லாக்கும் ரிலேட்டிவ்டைம்ஃபார்மட்டிடம் 'டே' (day) என்ற அலகோடு கொடுத்து, அதன் நியூமெரிக் (numeric) அமைப்பை 'ஆட்டோ' (auto) என்று வைத்தால் 'நேற்று' என்றே வரும்.

ஏஎம், பிஎம்முக்குப் பதில் காலை, மாலை என்று காட்ட, மணியைப் பார்த்துப் பிரிக்கும் நாலைந்து இஃப் வரிகள் போதும். நள்ளிரவு தாண்டியதை மட்டும் 'இரவு' ஆக்காதீர்கள். 'சனி இரவு 2 மணி' என்று கண்டால் குளச்சலில் கடலுக்குப் போகிறவர் ஒரு நாள் தாமதமாக வருவார். 'சனி அதிகாலை 2' என்றால் குழப்பமில்லை.