தகாஃபுல் பங்களிப்பு: கட்டும் பணத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி

மலேசியாவுக்கு சபுர் (பிழைப்புக்காக வெளிநாட்டுப் பயணம்) போனவர்கள் கூத்தாநல்லூருக்கும் அதிராம்பட்டினத்துக்கும் அனுப்பும் தாள்களில் தகாஃபுல், அதாவது இஸ்லாமிய முறையிலான கூட்டுக் காப்பீட்டின் சான்றிதழும் ஒன்று. "மாசம் 200 ரிங்கிட் கட்டுறாரே, முழுசும் திரும்பி வந்துடும்ல?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. முழுசும் வராது. வராத பங்கு எது, வரக்கூடிய பங்கு எது என்பது அந்தத் தாளிலேயே இருக்கிறது. பிரித்துப் படிக்கத் தெரிந்தால் போதும்.

சாதாரண இன்சூரன்ஸில் பிரீமியம் கட்டிய நிமிஷமே கம்பெனியின் பணமாகிவிடும். தகாஃபுலில் பங்கேற்பாளர்களின் பணம் தனிக் கணக்கில் கிடக்கும். கம்பெனி அதை நடத்திக் கொடுக்கும் வக்கீல், அதாவது முகவர் மட்டுமே. மலேசியா 1984-ல் இதற்கெனத் தனிச் சட்டம் போட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2013-ம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம்.

முதலில் சான்றிதழோடு வரும் திட்ட விளக்கத் தாளை எடுங்கள். குடும்ப தகாஃபுல் (ஆயுள் காப்பீடு போன்றது) என்றால் மூன்று வரிகளைத் தேட வேண்டும்: வகாலா கட்டணம் (கம்பெனி எடுக்கும் முகவர் கட்டணம்), தபர்ரு (பொது நிதிக்குத் தரும் நன்கொடை), பங்கேற்பாளர் கணக்கு (அவர் பெயரிலுள்ள சேமிப்பு). கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். (விகிதம் திட்டத்துக்குத் திட்டம் மாறும், உங்கள் தாளில் இருப்பதையே எடுங்கள்.) மாதம் 200 ரிங்கிட் கட்டுகிறார், முதல் வருட வகாலா 40 சதவீதம். 80 ரிங்கிட் கம்பெனிக்கும் ஏஜெண்ட் கமிஷனுக்கும் போய்விடும். மீதி 120 அவர் பெயரிலுள்ள கணக்கில் விழும். அதிலிருந்து மாதாமாதம் 35 ரிங்கிட் தபர்ருவாகப் பொது நிதிக்கு இறங்கும். மிச்சம் 85 ஷரீஅத்துக்கு உட்பட்ட முதலீட்டில் நிற்கும். லாபம் இவ்வளவு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது; தந்தால் அங்கேயே கேள்வி கேளுங்கள்.

தபர்ரு என்பது நன்கொடை. சக பங்கேற்பாளர் இறந்தாலோ படுத்துவிட்டாலோ அவர் குடும்பத்துக்குப் போகட்டும் என்ற நிய்யத்தோடு, அதாவது எண்ணத்தோடு கொடுப்பது. இன்சூரன்ஸ் மீது ஷரீஅத் சொல்லும் நிச்சயமின்மை, சூது என்ற ஆட்சேபங்கள் விலகுவதே இந்த நன்கொடை ஏற்பாட்டால்தான். அதனால் இழப்பீடு கோராமலே காலம் முடிந்துவிட்டாலும் அதைத் திருப்பிக் கேட்க இடமில்லை. வண்டி, வீடு போன்ற பொது தகாஃபுலில் சேமிப்புக் கணக்கே கிடையாது. வகாலா போக மிச்சம் முழுவதும் தபர்ருதான்.

வருட முடிவில் பொது நிதியில் உபரி நின்றால் பங்கு வரலாம். நிதியில் சேர்ந்தது 10 லட்சம், இழப்பீடு 6 லட்சம், மறு தகாஃபுலுக்கு (நிதியே தனக்கு எடுக்கும் காப்பீடு) 1 லட்சம், ஒதுக்கீடு 1 லட்சம் என்றால் உபரி 2 லட்சம். ஒப்பந்தம் பாதிக்குப் பாதி என்றிருந்தால் 1 லட்சம் பங்கேற்பாளர்களுக்கு. அந்த வருடம் இழப்பீடு கோராதவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். அப்படித் தகுதியுள்ளவர்களின் தபர்ரு மொத்தம் 8 லட்சம், நீங்கள் கொடுத்தது 500 என்றால் உங்களுக்கு 62.50 வரும். சின்னத் தொகைதான், இதை நம்பி யாரும் திட்டம் எடுக்க வேண்டாம். கம்பெனி உபரியில் பங்கெடுப்பதை மலேசியா அனுமதிக்கிறது. பஹ்ரைனிலிருந்து வரும் அயோஃபி (AAOIFI, இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பு) தரநிலை அனுமதிப்பதில்லை. கம்பெனியின் பங்கு எத்தனை சதவீதம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நிதியில் பற்றாக்குறை வந்தால் கம்பெனி தன் பங்குதாரர் பணத்திலிருந்து கர்ழே ஹஸனா, அதாவது வட்டியில்லாக் கடன் கொடுக்கும். பின்னால் வரும் உபரியில் அதைக் கழித்துக்கொள்ளும். கடன் தீரும்வரை உபரிப் பங்கு வராது.

சிக்கல் பெரும்பாலும் பணம் நின்றுபோவதில் தொடங்குகிறது. வேலை மாறும்போது சம்பளக் கணக்கை மூடிவிடுவார்கள்; அதிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த பங்களிப்பும் நின்றுவிடும். உடனே சான்றிதழ் காலாவதியாகாது. கணக்கில் இருப்பு உள்ளவரை தபர்ரு இறங்கிக்கொண்டே இருக்கும், பாதுகாப்பும் தொடரும். இருப்பு காலியானதும் எல்லாம் நின்றுபோகும். ஊரில் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. இன்னொன்று, வயது ஏற ஏறத் தபர்ரு தொகையும் ஏறும். கட்டும் பணம் அதே 200-ஆக இருக்க, ஐம்பதைத் தாண்டிய பிறகு சேமிப்பை அது தின்றுவிடக்கூடும். ஆகவே வருடாந்தர அறிக்கையில் இருப்புத் தொகையையும் அந்த வருடம் இறங்கிய தபர்ருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருப்பு இரண்டு வருடம் தொடர்ந்து குறைந்தால் கம்பெனியிடம் பேச வேண்டிய நேரம். மூன்றாம் வருடத்துக்குள் முறித்துக்கொண்டால் கையில் கிடைப்பது கொஞ்சம்தான், ஏனென்றால் வகாலாவின் பெரும்பகுதி ஆரம்ப வருடங்களிலேயே போய்விடுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்தால் இழப்பீட்டுச் சமயத்தில் அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

நியமனத் தாளை மட்டும் அவசரமாக நிரப்பக் கூடாது. மலேசியாவில் மனைவியை 'நிபந்தனை ஹிபா' (நிபந்தனையோடு கூடிய அன்பளிப்பு) என்ற வகையில் நியமித்தால் தொகை அவருக்கே சொந்தம். 'வஸீ', அதாவது நிர்வாகி என்று நியமித்தால் அவர் வாங்கி, கடன் தீர்த்து, ஃபராயிழ் என்ற இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு முடிவுகள்; வீட்டில் பேசித் தீர்மானியுங்கள். ஆதாரில் 'கைருன்னிசா', பாஸ்போர்ட்டில் 'கைரூன் நிஷா' என்று ஆங்கில எழுத்து மாறியிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். மவுத்துக்கு (மரணத்துக்கு) பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.

ஊரிலேயே தகாஃபுல் எடுக்கலாமா என்றால், இந்தியாவில் அதற்கென உரிமம் பெற்ற கம்பெனி இல்லை. ஜமாஅத்தே ஆளுக்கு இவ்வளவு வசூலித்து, "மவுத்தானால் 5 லட்சம் நிச்சயம்" என்று எழுதிக் கொடுத்தால், அது பதிவில்லாமல் இன்சூரன்ஸ் நடத்துவதாகிவிடும்; 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டம் அதற்கு இடம் தராது. பைத்துல்மால் (ஜமாஅத்தின் பொது உதவி நிதி) மூலம் உதவி செய்வதென்றால் தொகையை முன்கூட்டி வாக்களிக்காமல், நிதியில் இருப்பதைப் பார்த்துக் கமிட்டி முடிவுசெய்யட்டும். ரசீதில் 'நன்கொடை' என்றே எழுதுங்கள்; ஜகாத் பணத்தை அந்தக் கணக்கில் கலக்க வேண்டாம், அதற்குரியவர்கள் வேறு.