பாம் கருவிக்கு ஃபோர்த் மொழியைக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோர்த் சின்ன நிரல்மொழி, பாம் உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கணினிக் கருவி, அதனால் இரண்டும் தானாகப் பொருந்திவிடும் என்று நம்பித்தான் பலர் வேலையைத் தொடங்குகிறார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

1996-ல் பைலட் என்ற பெயரில் வந்த முதல் பாம் கருவிகளில் 16 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா டிராகன்பால் சிப், 128 அல்லது 512 கிலோபைட் நினைவகம், 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட திரை, இரண்டு ஏஏஏ பேட்டரி, அவ்வளவுதான். ஃபோர்த் 1970 வாக்கில் சார்லஸ் மூர் ரேடியோ தொலைநோக்கிகளை இயக்குவதற்காக வளர்த்தெடுத்த மொழி. அன்றைய மினிகணினிகளில் இந்த அளவு நினைவகம்கூடக் கிடையாது. ஆக, அளவு பிரச்சினையே இல்லை. ஆனால் ஃபோர்த் ஒரு டெர்மினல், ஒரு விசைப்பலகை, ஒரு வட்டு இருக்கும் என்று எதிர்பார்த்தே வளர்ந்தது. பாமில் இந்த மூன்றும் இல்லை. இருந்தும் நல்லபடியாகச் செய்ய முடியும். குவார்ட்டஸ் ஃபோர்த்தும், ஸ்கீம் மொழிக்கு வந்த லிஸ்ப்மீயும் அதைச் செய்து காட்டின. இரண்டிலும் கருவியிலேயே நிரலை எழுதி அங்கேயே ஓட்டலாம்.

நினைவகக் கணக்கு

பெட்டியில் எழுதியிருக்கும் நினைவக அளவை நம்பித் திட்டம் போடக் கூடாது. பாமில் ரேம் இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கிறது. முகவரிகள், குறிப்புகள், நிறுவிய நிரல்கள் எல்லாம் சேமிப்புப் பகுதியில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் மாறிகளையும் ஸ்டாக்கையும் வைத்துக்கொள்வது டைனமிக் ஹீப்பில். அந்த ஹீப் 512 கிலோபைட் கருவியில் வெறும் 32 கிலோபைட். பாம் ஓஎஸ் (கருவியின் இயங்குதளம்) 3.0-உடன் வந்த பாம் III-ல் 96. அதிலும் ஓஎஸ் எடுத்துக்கொண்டது போக மீதிதான் நமக்கு.

ஃபோர்த்தில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு சொல், அவை எல்லாம் இருக்கும் இடம் அகராதி. பழைய ஃபோர்த்துகளில் இந்த அகராதி ஒரே நீளமான நினைவகத் துண்டு. வரையறைகளும் தரவும் கலந்து அதன் நுனியில் வளர்ந்துகொண்டே போகும். அந்த அமைப்பை அப்படியே எடுத்து வந்தால் டைனமிக் ஹீப் சீக்கிரம் நிரம்பிவிடும். சரி, சேமிப்புப் பகுதிக்கு மாற்றிவிடலாமே என்றால், அங்கே நேரடியாக ஒரு பைட்டைக்கூட எழுத முடியாது. வன்பொருளே தடுத்து நிரலை நிறுத்திவிடும். ஓஎஸ் அழைப்பு வழியாக மட்டும்தான் எழுதலாம். வட்டு இல்லாத கருவியில் ஒருவருடைய தொலைபேசி எண்கள் முழுவதும் அந்த ரேமில்தானே இருக்கின்றன? வழிதவறிய ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) அவற்றை அழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

தடுப்பைத் தற்காலிகமாக விலக்கும் அழைப்பும் ஓஎஸ்ஸில் இருக்கிறது. நிரல் தொடங்கும்போதே தடுப்பை விலக்கிவிட்டு, முடியும்வரை அப்படியே விட்டுவிடுவது இந்தப் பட்டியலிலேயே மோசமான தவறு என்பேன். எந்த முகவரியிலும் எதையும் எழுத ஃபோர்த் அனுமதிக்கும். அதை இப்படித் திறந்துவிட்டால் பாதிக்கப்படுவது நம் நிரல் மட்டுமல்ல, கருவியின் சொந்தக்காரர் வைத்திருக்கும் எல்லாமும். கம்பைல் ஆன குறியீட்டைச் சேமிப்புப் பகுதியிலும் மாறிகளை டைனமிக் ஹீப்பிலும் பிரித்து வைப்பதுதான் சரியான வழி. ஃபோர்த்துக்கு 1994-ல் வந்த ஆன்சி தரம் குறியீட்டுக்கும் தரவுக்கும் தனித்தனி இடம் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆகவே மொழியின் விதி எதையும் மீற வேண்டியதில்லை.

இதோடு ஒட்டியதுதான் முகவரிச் சிக்கல். டிராகன்பால் போன்ற 68000 குடும்பச் சிப்பில் 16 பிட் எண் ஒற்றைப்படை முகவரியில் இருக்க முடியாது. மூன்று பைட் சரம் ஒன்றை அகராதியில் போட்டுவிட்டு அடுத்து ஒரு எண்ணைச் சேர்த்தால், எடுக்கும்போது நிரல் விழும். 6502, இசட்80 போன்ற பழைய 8 பிட் சிப்களின் காலத்து நிரல்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அதனால் அடுத்த சரியான முகவரிக்கு நகர்த்தும் அலைன் என்ற சொல்லை அவற்றில் பார்க்க முடியாது. நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும். அதேபோல ஒரு செல் (ஒரு எண் பிடிக்கும் இடம்) என்றால் 2 பைட் என்று நேரடியாகக் கூட்டியிருக்கும் இடங்களையும் செல்+ என்று மாற்றிவிடுங்கள்.

காத்திருப்பது எப்படி

ஃபோர்த்தில் கீ என்ற சொல் ஒரு எழுத்து வரும்வரை காத்திருக்கும். அதை ஒரு சுற்றாக எழுதி, எழுத்து வந்ததா வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சிப் ஓயவே ஓயாது. வாரக்கணக்கில் வர வேண்டிய பேட்டரி வீணாகிவிடும். ஓஎஸ்ஸிடம் அடுத்த நிகழ்வைக் கேட்டுக் காத்திருந்தால், அது வரும்வரை சிப் அரைத்தூக்கத்துக்குப் போகும். கீ அதன்மேல்தான் கட்டப்பட வேண்டும்.

அப்புறம், பாம் நிரல்களில் வெளியேறு என்று ஒரு கட்டளை கிடையாது. பயனர் வேறு நிரலின் பொத்தானை அழுத்தினால் ஓஎஸ் நமக்கு நிறுத்தச் சொல்லி ஒரு நிகழ்வை அனுப்பும். கீ அதை எழுத்து அல்ல என்று தள்ளிவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. பத்து அடுக்கு ஆழத்தில் இருக்கும்போது இந்த நிகழ்வு வந்தால் என்ன செய்வது? எத்தனை ஆழத்திலிருந்தும் மேலே தாவ உதவும் த்ரோவும், அதை மேலே பிடிக்கும் கேட்சும் ஆன்சி தரத்திலேயே இருக்கின்றன. கீ ஒரு தனி எண்ணை த்ரோ செய்யட்டும். மேல்மட்டத்தில் அதைக் கேட்ச் செய்து, நிலையைச் சேமித்துவிட்டு வெளியேறலாம்.

முடிவில்லாச் சுற்றையும் மறக்கக் கூடாது. டெர்மினலில் பிரேக் விசை இருந்தது. இங்கே மிஞ்சுவது கருவியின் முதுகில் இருக்கும் சின்ன ரீசெட் துளைதான். சுற்று மறுபடி தொடங்கும் ஒவ்வொரு பின்னோக்கிய தாவலிலும், பயனர் நிறுத்தச் சொன்னாரா என்று பார்க்கும் ஒரு சோதனையைக் கம்பைலர் சேர்த்தால் வேகம் கொஞ்சம் குறையும். என்னைக் கேட்டால், குறையட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று ஃபைண்ட். பயனர் தேடல் பொத்தானைத் தொட்டால், ஓஎஸ் நிறுவியிருக்கும் ஒவ்வொரு நிரலையும் அழைத்து உன்னிடம் இந்தச் சொல் இருக்கிறதா என்று கேட்கும். அப்போது நம் குளோபல் மாறிகள் இருக்காது. எந்தக் காரணத்துக்காக அழைத்தார்கள் என்று பார்க்காமல் நேராக ஃபோர்த்தைத் தொடங்கினால், யாரோ எங்கோ ஒரு பெயரைத் தேடும்போது கருவி விழும். அவருக்குக் காரணம் புரியவும் புரியாது. வழக்கமான தொடக்கம் இல்லையென்றால் உடனே திரும்பிவிட வேண்டும்.

எழுதுவது, படிப்பது

பழைய ஃபோர்த்தில் நிரலை வட்டில் பிளாக் என்ற துண்டுகளாக வைப்பார்கள். ஒரு பிளாக் 1024 பைட், 16 வரி, வரிக்கு 64 எழுத்து. 160 புள்ளித் திரையில் ஒரு எழுத்துக்கு 2.5 புள்ளி அகலம்தான் கிடைக்கும். யாரும் படிக்க முடியாது. பிளாக் எடிட்டரை விட்டுவிட்டு, கருவியிலேயே இருக்கும் மெமோ பேடைப் பயன்படுத்துங்கள். ஒரு மெமோவுக்கு 4 கிலோபைட் வரம்பு உண்டு. அதனால் ஒரு மெமோ இன்னொன்றை அழைக்கும் வசதி முதல் பதிப்பிலேயே வேண்டும்.

பாமில் பேனாக் குச்சியால் எழுதும் கிராஃபிட்டி எழுத்தில், நிறுத்தற்குறி போன்ற ஒவ்வொரு குறிக்கும் முதலில் ஒரு புள்ளி தட்ட வேண்டும். வாக்கியத்தின் முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகும். ஆகவே பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கும் ஃபோர்த் இங்கே தொல்லை.

இந்தத் தொல்லை எமுலேட்டரில் (மேசைக் கணினியில் பாமைப் போல ஓடும் மென்பொருளில்) தெரியாது, ஏனென்றால் அங்கே மேசைக் கணினியின் விசைப்பலகையில் தட்டுகிறோம். ஆனால் எமுலேட்டரை ஒதுக்கவும் வேண்டாம். அதிலுள்ள கிரெம்லின்ஸ் என்ற சோதனை வசதி திரையைக் கண்டபடி தொட்டுத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு இரவு ஓடவிட்டால் மேலே சொன்ன நினைவகத் தவறுகளில் பல வெளியே வரும். கடைசியாக ஒன்று. 2002-ல் பாம் ஓஎஸ் 5 ஏஆர்எம் சிப்புக்கு மாறியது. 68000 நிரல்கள் அதில் ஒரு மென்பொருள் அடுக்கின்மேல் ஓடுகின்றன. ஓஎஸ்ஸைக் கேட்டு நடந்துகொண்டவை பெரும்பாலும் தப்பின, வன்பொருளை நேரடியாகத் தொட்டவை விழுந்தன. பாம் ஓஎஸ் 5 ஓடும் டங்ஸ்டன் டி போன்ற ஒரு கருவியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.