ட்ராமா டேட்டாபேஸ் வெச்சு ஆர்த்தோ பேப்பர் எழுதப் போறீங்களா, முதல்ல இதைப் படிங்க

ட்ராமா டேட்டாபேஸ்னா அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களோட பதிவுகளைப் பெரிய அளவுல சேர்த்து வெச்சது. அந்த டேட்டாவை வாங்கி வெச்சுட்டு அப்புறமா கேள்வி தேடாதீங்க. நான் அப்படித்தான் பண்ணேன், டிபியா (முழங்காலுக்குக் கீழ இருக்கிற பெரிய எலும்பு) முறிவு கூடாம போறதைப் பத்தி எழுதலாம்னு உக்காந்து, அனாலிசிஸ் கோடு எல்லாம் எழுதி முடிச்சு ரெண்டு மாசம் கழிச்சுதான் உறைச்சுது, இதுல டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல, எலும்பு சேர்ந்துச்சா இல்லையானு எங்க போய்ப் பாக்கிறது?

அதனால கேள்வியை ஒரே வரியில எழுதுங்க, அதுக்குப் பதில் தெரிய எத்தனை நாள் ஆகும்னு பக்கத்துலயே எழுதுங்க. அமெரிக்காவோட என்டிடிபி (தேசிய ட்ராமா டேட்டா பேங்க்) ஆஸ்பத்திரியை விட்டுப் போற வரைக்கும்தான். என்எஸ்க்யூஐபி (ஆபரேஷன் தரத்தைக் கண்காணிக்கிற அமெரிக்கப் பதிவு) ஆபரேஷனுக்கு அப்புறம் 30 நாள். என்ஐஎஸ்ல (அமெரிக்க ஆஸ்பத்திரி அட்மிஷன்களோட சாம்பிள்) ஒரே ஆள் ரெண்டு தடவை அட்மிட் ஆனா ரெண்டு வரியா வரும், ரெண்டும் ஒரே ஆள்னு கண்டுபிடிக்க வழி கிடையாது. ரீஆபரேஷன், பேஷன்ட் எப்படி இருக்கார்ங்கிறதெல்லாம் வேணும்னா 2011ல ஆரம்பிச்ச ஸ்வீடன் ஃப்ராக்சர் ரெஜிஸ்டர் மாதிரி ஒண்ணைத்தான் பாக்கணும்.

அடுத்தது கோடிங். அமெரிக்க டேட்டால 2015 அக்டோபர்ல, நோய்க்கும் காயத்துக்கும் கோடு குடுக்கிற ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்துச்சு, பழசுல வலதா இடதானே கிடையாது. புதுசுல எஸ்82.251னா வலது டிபியா ஷாஃப்ட் (எலும்போட நடுத்தண்டு), துண்டு துண்டா நொறுங்கி விலகினது. கடைசில ஏ வந்தா க்ளோஸ்டு, பி வந்தா ஓப்பன் (தோல் கிழிஞ்ச முறிவு), கஸ்டிலோ அளவுல டைப் 1 அல்லது 2, சி வந்தா 3ஏ, 3பி, 3சி மூணும் ஒண்ணா. அப்போ 3ஏவையும் 3பியையும் இந்தக் கோடை வெச்சுப் பிரிக்க முடியாது, 3பிக்கு வழக்கமா தேவைப்படுற ஃப்ளாப் (காயத்தை மூட வேற இடத்துத் தசை, தோல்) போட்டாங்களானு ப்ரொசீஜர் கோடுல தேடித்தான் ஆகணும்.

ஐஎஸ்எஸ்ஸை (மொத்தக் காயம் எவ்ளோ மோசம்னு சொல்ற ஸ்கோர்) அப்படியே தூக்கி ரிக்ரெஷன்ல போட்டுடாதீங்க. அது உடம்பை ஆறு பகுதியாப் பிரிச்சு, மோசமான மூணு பகுதில ஒவ்வொண்ணுலயும் பெரிய காயத்தை மட்டும் எடுத்து ஸ்கொயர் பண்ணிக் கூட்டும். ரெண்டு தொடை எலும்பும் உடைஞ்சவருக்கு ஒவ்வொண்ணுக்கும் ஏஐஎஸ் (ஒரு காயத்தோட தீவிரத்துக்கான எண்) 3, ஆனா ரெண்டும் ஒரே பகுதிங்கிறதால ஐஎஸ்எஸ் வெறும் 9. ஒரு தொடை உடைஞ்சாலும் அதே 9தான்! ஐஎஸ்எஸ்ஸோட புது வடிவமான என்ஐஎஸ்எஸ்னா பகுதி பாக்காது, மோசமான மூணு காயத்தை எடுக்கும், 18 வரும். ஆர்த்தோ கேள்விக்கு அதுதான் பொருந்தும்னு நான் சொல்வேன்.

எல்லாத்தையும் விட பெரிய குழி நேரம். தொடை எலும்பை 24 மணி நேரத்துக்குள்ள ஃபிக்ஸ் பண்ணா சாவு குறையுதானு பாக்கிறீங்கனு வைங்க, லேட் க்ரூப்ல ஒருத்தர் வரணும்னாலே அவர் 24 மணி நேரம் உயிரோட இருந்தாகணும், பத்தாவது மணி நேரத்துல ஆபரேஷன் ஆகாமலே இறந்தவர் எந்தக் க்ரூப்லயும் இல்ல. இன்னொரு பக்கம் ரொம்ப மோசமா இருக்கிறவங்களைத்தான் டாக்டர்கள் தள்ளிப் போடுவாங்க, அதனால லேட்டா பண்ணதாலதான் கெட்டுப்போச்சுங்கிற மாதிரி டேபிள்ல தெரியும். 24 மணி நேரம் உயிரோட இருந்தவங்களை மட்டும் எடுத்து அங்கிருந்து கணக்கை ஆரம்பிக்கலாம், இல்லனா ஆபரேஷன் நேரத்தை டைம்-டிபென்டென்டா (நேரத்தோட மாறுற வேரியபிளா) போடுங்க. வந்தப்போ இருந்த பிபி, ஜிசிஎஸ் (நினைவு நிலை ஸ்கோர்), தலைக்காயம் இதெல்லாம் மாடல்ல கட்டாயம் இருக்கணும்.

மிஸ்ஸிங் டேட்டா இருக்கிற வரியெல்லாம் கண்ண மூடிட்டு டிலீட் பண்ணாதீங்க, பிபி பதியாம விட்டது பல நேரம் ஆள் சாகக் கிடந்ததாலயா இருக்கும். லட்சக்கணக்குல கேஸ் இருந்தா பி-வேல்யூ எதுக்கும் சின்னதாதான் வரும், வித்தியாசம் எவ்ளோனு கான்ஃபிடன்ஸ் இன்டர்வெலோட சொல்லுங்க. ஒரே ஆஸ்பத்திரி கேஸ்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகும், அதையும் மாடல்ல காட்டணும்.

எழுதுறப்போ ரெக்கார்டு (RECORD) செக்லிஸ்ட்டை, அதாவது இந்த மாதிரி டேட்டா ஆய்வுல எதையெல்லாம் சொல்லணும்ங்கிற பட்டியலை, பக்கத்துல வெச்சுக்கோங்க. பேரு இல்லாத டேட்டாதானேனு எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்டிப் போகாதீங்க, விலக்கு குடுத்தா அதையும் எழுத்துல வாங்கிடுங்க. அப்புறம் டேட்டா டிக்ஷனரி (ஒவ்வொரு வேரியபிளுக்கும் என்ன அர்த்தம்னு சொல்றது), அது வருஷத்துக்கு வருஷம் மாறும், நீங்க எடுத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியா டவுன்லோடு பண்ணி வெச்சுக்கோங்க, ரிவ்யூவர் அதைத்தான் கேப்பார்.